வெயிலுக்கு கெட்டி ஆயிலா? புது கார் என்ஜினுக்கு வேட்டு வைக்கும் பழைய கணக்கு

கடலூர்,-

"நம்ம ஊரு வெயிலுக்கு தண்ணி மாதிரி ஆயில் எல்லாம் தாங்காதுண்ணே. நல்லா கெட்டியா ஊத்திடுவோம்". கார் ஆயில் மாற்றப் போனால் இப்படி ஒரு யோசனையை கேட்காமல் திரும்புவது கஷ்டம்.

20 வருஷத்துக்கு முன்னால் இந்த யோசனை சரி. இன்றைக்கு ரோட்டில் ஓடும் புது கார்களுக்கு இதே யோசனை என்ஜினையே காவு வாங்கும் அளவுக்கு போகலாம்.

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் டியூ கட்டி வாடகை கார் ஓட்டுபவர்களுக்கு என்ஜின் தான் சோறு. பிச்சாவரம், வைத்தீஸ்வரன்கோவில், வேளாங்கண்ணி என்று சவாரி அடித்தால் தான் மாசம் டியூ கட்ட முடியும். என்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டி வந்தால் பல ஆயிரம் ரூபாய் செலவு. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கு வருமானமும் கிடையாது. டியூ மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

அதனால் ஆயில் டப்பாவில் எழுதி இருக்கும் அந்த நம்பர் என்ன சொல்கிறது என்பதை வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டப்பா நம்பரின் ரகசியம்

கடையில் உள்ள டப்பாக்களில் 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று விதவிதமாக நம்பர் இருக்கும். அமெரிக்காவில் உள்ள வாகன பொறியாளர்கள் சங்கம் (எஸ்.ஏ.இ.) வகுத்த கணக்கு இது. உலகம் முழுக்க இதே நம்பர் தான்.

டபிள்யூ என்ற ஆங்கில எழுத்து 'வின்டர்', அதாவது குளிர்காலத்தை குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள நம்பர், குளிர்ந்து கிடக்கும் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதை காட்டும். நம்பர் குறைய குறைய ஆயில் வேகமாக ஓடும். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரி குளிரிலும், 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரி குளிரிலும் வைத்து சோதிப்பார்கள்.

கோடுக்கு பின்னால் உள்ள நம்பர், என்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை சொல்லும். இதை 100 டிகிரி சூட்டில் அளப்பார்கள். 40 நம்பர் ஆயில் 30 நம்பரை விட கெட்டி. 30 நம்பர் 20-ஐ விட கெட்டி.

5டபிள்யூ-30 என்றால் குளிர்ந்த நிலையில் 5-ம் நம்பர் ஆயில் மாதிரி ஓடும், சூடான பிறகு 30-ம் நம்பர் ஆயில் மாதிரி நிற்கும் என்று அர்த்தம். சூட்டில் ஆயில் ரொம்ப இளகி விடாமல் இருக்க தனி ரசாயனம் கலக்கிறார்கள்.

மைனஸ் டிகிரி நமக்கு எதற்கு?

"கடலூரில் பனிக்கட்டியா கொட்டுது? மார்கழி ராத்திரியில் கூட 20 டிகிரியை ஒட்டித்தானே இருக்கு. 0டபிள்யூ நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி தான்.

ஆனால் ஆயிலை பொறுத்தவரை 30 டிகிரி என்பதே குளிர் தான். என்ஜின் ஓடும்போது ஆயில் 90 முதல் 110 டிகிரி சூட்டில் வேலை செய்கிறது. அந்த சூட்டோடு ஒப்பிட்டால், ராத்திரி முழுக்க வாசலில் நின்ற வண்டியில் உள்ள ஆயில் பல மடங்கு கெட்டியாக இருக்கும். 20டபிள்யூ-40 ஆயில் 30 டிகிரியில் இருப்பதற்கும் 100 டிகிரியில் இருப்பதற்கும் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம் உண்டு.

காலையில் சாவி போட்டதும் ஆயில் அடியில் உள்ள தொட்டியில் இருந்து பம்ப் வழியாக மேலே ஏற வேண்டும். கேம் ஷாப்ட், வால்வு, பேரிங் எல்லாவற்றையும் நனைக்க வேண்டும். அதுவரை இரும்போடு இரும்பு உரசும் வாய்ப்பு அதிகம். நம்ம ஊர் காலை நேரத்தில் 20டபிள்யூ-40 ஆயில், 0டபிள்யூ-20 ஆயிலை விட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். மேலே போய் சேர கூடுதல் நேரம் ஆகும்.

வெளியே வெயில், உள்ளே வேறு கணக்கு

அடுத்த சந்தேகம் வெயில் பற்றியது. அக்னி நட்சத்திரத்தில் வெயில் சில நாள் 40 டிகிரியை தாண்டும். அப்போது ஆயில் இன்னும் இளகி விடாதா?

இதில் தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். என்ஜினுக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு இருக்கிறது. ரேடியேட்டருக்கு போகும் தண்ணீரை அது தான் திறந்து மூடுகிறது. வெளியே ஊட்டி குளிர் இருந்தாலும் சிதம்பரம் வெயில் இருந்தாலும், கூலிங் சிஸ்டம் ஒழுங்காக இருந்தால் என்ஜின் தண்ணீரின் சூடு 90 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

அதாவது வெளியே 20 டிகிரி கூடினால் உள்ளேயும் 20 டிகிரி கூடும் என்பது தப்புக்கணக்கு. ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ, பேன் ஓடாவிட்டாலோ தான் சூடு எகிறும். அதற்கு மருந்து ரேடியேட்டர் வேலை தான். கெட்டி ஆயில் ஊற்றி அதை சரிக்கட்ட முடியாது.

அம்பாசிடர் காலம் போச்சு

கெட்டி ஆயில் யோசனை எங்கிருந்து வந்தது? அம்பாசிடர் காலத்தில் இருந்து வந்தது. அந்த என்ஜின் பழைய காலத்து டிசைன். உள்ளே இடைவெளிகள் தாராளம். ஆயில் போகும் வழிகளும் அகலம். அதற்கு 20டபிள்யூ-40 மாதிரி கெட்டி ஆயில் தான் பொருத்தம். அந்த வண்டிகளை வைத்து தொழில் கற்றவர்கள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

2014-ம் ஆண்டு அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. வண்டிகள் மாறிவிட்டன. யோசனை மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்றைய என்ஜினில் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி தலைமுடி கனத்தை விட குறைவு. அந்த சந்தில் ஆயில் புகுந்து ஒரு படலமாக நின்று கிராங்கை தாங்க வேண்டும். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கருவியும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பல கார்களில் ஆயில் அழுத்தத்தில் தான் இயங்குகின்றன. டர்போ உள்ள வண்டியில் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதையும் தாங்குவது ஆயில் தான்.

இவ்வளவு பொடியான வழிகளில் ஓடுவதற்கு ஏற்ற ஆயிலை கணக்கு போட்டுத்தான் கம்பெனி நம்பர் கொடுக்கிறது. மாருதியின் பி.எஸ்.6 பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 ஆயில் தான் பரிந்துரை. கையில் எடுத்துப் பார்த்தால் தண்ணி மாதிரி தான் இருக்கும். அதைப் பார்த்து "கலப்படமோ" என்று சந்தேகப்பட வேண்டாம்.

மறைமலைநகர் கார் சொல்லும் பாடம்

ஆயிலும் என்ஜினும் எப்படி பின்னிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு நம்ம தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனி தயாரித்த ஈகோஸ்போர்ட் கார் 2013-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு ரகத்துக்கு 1 லிட்டர், 3 சிலிண்டர், டர்போ பெட்ரோல் என்ஜின்.

மற்ற கார்கள் பலவற்றில் டைமிங் பெல்ட் என்றால் ஆயில் படாமல் வெளியே ஓடும். இந்த என்ஜினில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். ஆகவே கம்பெனி 5டபிள்யூ-20 என்ற நம்பரோடு நிற்காமல், தனது தனி தரக்குறியீடும் உள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று சொன்னது. பொருந்தாத ஆயில் ஊற்றினாலோ, ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட் ரப்பர் உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த துகள் ஆயில் பம்பின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

இதே ஈகோஸ்போர்ட் மறைமலைநகரில் இருந்து அமெரிக்காவுக்கும் கப்பலில் போனது. 2023 டிசம்பரில் அங்கே 1 லிட்டர் என்ஜின் கொண்ட ஈகோஸ்போர்ட், போகஸ் கார்கள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரத்தை கம்பெனி திரும்ப அழைத்தது. ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் சிதையலாம், அதன் டென்ஷனர் உடையலாம், அப்படி நடந்தால் ஆயில் அழுத்தம் போய் என்ஜின் நின்றுவிடும் என்பது காரணம். அது கம்பெனி பாகத்தில் வந்த கோளாறு. ஆனாலும் ஆயில் போய் சேராவிட்டால் என்ஜின் கதி என்ன என்பதற்கு அது ஒரு சாட்சி.

2022-ல் மறைமலைநகரில் கார் தயாரிப்பு நின்றாலும் அந்த கார்கள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன. பழைய கார் சந்தையில் வாங்குபவர்கள் இதை கவனத்தில் வைப்பது அவசியம்.

மைலேஜுக்காக செய்கிறார்களா?

"கம்பெனிக்காரன் மைலேஜ் காட்டத்தான் தண்ணி ஆயில் கொடுக்கிறான்" என்று சொல்பவர்களும் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது.

ஆயில் இளகலாக இருந்தால் என்ஜின் சுற்றும்போது இழுவை குறையும். எரிபொருள் மிச்சமாகும். கார் கம்பெனிகள் விற்கும் வண்டிகளின் சராசரி புகை அளவுக்கு மத்திய அரசு 2017-18 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2022-23 முதல் அது கிலோ மீட்டருக்கு 113 கிராம் கார்பன்-டை-ஆக்சைடு என்று இறுக்கப்பட்டது. ஆகவே இளகல் ஆயிலுக்கு மாற கம்பெனிகளுக்கு நெருக்கடி உண்டு.

ஆனால் ஆயிலை மட்டும் மாற்றி அவர்கள் விட்டுவிடவில்லை. அதற்கு தகுந்த மாதிரி பேரிங், பம்ப், இடைவெளி எல்லாவற்றையும் மாற்றித்தான் என்ஜின் செய்கிறார்கள்.

இந்த கணக்கும் சில நேரம் தப்பிப் போகும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2025 ஏப்ரலில் 6.2 லிட்டர் வி-8 என்ஜின் கொண்ட சுமார் 6 லட்சம் வண்டிகளை அந்த நாட்டில் திரும்ப அழைத்தது. கிராங்கிலும் பேரிங்கிலும் கோளாறு. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20 ஆயிலை எடுத்துவிட்டு, கொஞ்சம் கெட்டியான 0டபிள்யூ-40 ஆயிலை ஊற்றி, ஆயில் மூடியையும் புது நம்பரோடு மாற்றிக் கொடுத்தார்கள்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. கெட்டி ஆயில் என்ஜினை காப்பாற்றும் என்ற பேச்சு முழுப் பொய் கிடையாது. அதே நேரத்தில் நம்பரை மாற்றியது அந்த என்ஜினை செய்த கம்பெனி. அதுவும் முன்னால் உள்ள 0-வை மாற்றாமல், பின்னால் உள்ள நம்பரை மட்டும் மாற்றியது.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்? காரோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். சில கார்களின் கையேட்டில் ஒரே நம்பர் தான் இருக்கும். சிலவற்றில் வெளி வெப்பத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று நம்பர் போட்ட அட்டவணை இருக்கும். அட்டவணையில் 5டபிள்யூ-40 இருந்தால், நெடுந்தூர சவாரி, முழு லோடு என்று ஓடும் வண்டிக்கு அதை தாராளமாக ஊற்றலாம். அட்டவணையில் இல்லாத நம்பர் வேண்டாம்.

ஆயில் குடிக்கும் பழைய வண்டிக்கு ஒரு நம்பர் கூட்டி ஊற்றினால் சத்தமும் புகையும் குறைந்த மாதிரி இருக்கும். அது வலி மாத்திரை மாதிரி தான். ரிங், வால்வு சீல் தேய்ந்திருந்தால் அந்த வேலையை பார்த்தே ஆக வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு

2020 ஏப்ரல் 1-ந்தேதி முதல் பி.எஸ்.6 வண்டிகள் மட்டுமே விற்பனை என்று ஆனது. பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்குழாய் பாதையில் கரித்துகளை பிடிக்கும் பில்டர் இருக்கும். டி.பி.எப். என்று சொல்வார்கள்.

இந்த பில்டரில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துவிடும். ஆனால் ஆயில் எரிந்து வரும் சாம்பல் எரியாது. அப்படியே தங்கி அடைத்துக்கொள்ளும். அதனால் தான் இந்த வண்டிகளுக்கு சாம்பல் குறைவான ஆயில் கேட்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்று இருக்கும். நம்பர் 5டபிள்யூ-30 என்று ஒத்துப்போனாலும் இந்த குறியீடு இல்லாவிட்டால் பில்டர் சீக்கிரம் கெட்டுவிடும். புது பில்டர் விலை ஆயில் விலையைப் போல் பல மடங்கு.

இன்னொரு எச்சரிக்கை. திருப்பாதிரிப்புலியூர்-மஞ்சக்குப்பம் மாதிரி குட்டி குட்டி சவாரியாகவே ஓடும் டீசல் வண்டியில் கரி எரிக்கும் வேலை பாதியில் நின்று, டீசல் ஆயிலில் கலந்துவிடும். டிப்-ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறி நின்றால் சந்தோஷப்படாதீர்கள். ஆயில் நீர்த்துப் போகிறது என்று அர்த்தம். உடனே மாற்றுங்கள். சிதம்பரம் வரைக்கும் ஒரே சீராக ஒரு ஓட்டம் ஓட்டினால் கரி எரிவதற்கு வசதியாக இருக்கும்.

பைக் ஆயில் வேண்டவே வேண்டாம்

20டபிள்யூ-40 ஆயில் பெட்டிக்கடை மாதிரியான சின்ன கடைகளிலும் கிடைக்கும். இதில் பெரும்பாலானவை பைக்குக்கு உரியவை. டப்பாவில் 4டி என்றும், ஜாசோ எம்.ஏ. என்றும் இருக்கும். பைக்கில் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். அது வழுக்காமல் இருக்க தனியாக தயாரித்த ஆயில் அது. அவசரத்துக்கு கூட இதை காருக்கு வழக்கமாக்கி விடாதீர்கள். அதே மாதிரி கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 மழை வெள்ளத்தையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலுக்கு பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் கடலூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் நின்ற காரை உடனே ஸ்டார்ட் செய்வது தான் பெரிய தப்பு.

முதலில் பேட்டரி ஒயரை கழற்றிவிட்டு டிப்-ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதில் எந்த நம்பர் ஆயிலும் வேலை செய்யாது. வண்டியை கட்டி இழுத்துப் போய், ஆயிலையும் பில்டரையும் மாற்றி, மெக்கானிக் பார்த்த பிறகு தான் சாவி போட வேண்டும்.

கடைக்கு போகும் முன்...

* கையேட்டில் உள்ள நம்பரையும், ஏ.பி.ஐ. அல்லது ஏ.சி.இ.ஏ. குறியீட்டையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கையேடு தொலைந்திருந்தால் ஆயில் ஊற்றும் மூடியை பாருங்கள். பல கார்களில் அதிலேயே நம்பர் இருக்கும். இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரை சொல்லி கேட்கலாம்.

* பெட்ரோல் என்ஜினுக்கு ஏ.பி.ஐ. குறியீடு எஸ் எழுத்தில் தொடங்கும். எஸ்.என். 2010-ல் வந்தது. எஸ்.பி. 2020-ல் வந்தது. கேட்ட குறியீட்டை விட புதியது பரவாயில்லை, பழையது வேண்டாம்.

* 'சிந்தெடிக்' என்று இருந்தால் மட்டும் போதாது. நம்பரும் ஒத்துப்போக வேண்டும்.

* டப்பாவின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, கண் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் நிரப்ப அது உதவாது.

* ஆயில் மாற்றும்போது பில்டரையும் மாற்றி, பில் வாங்கி வையுங்கள். வாரண்டி உள்ள வண்டிக்கு நாளைக்கு பிரச்சினை வந்தால் சரியான ஆயில் ஊற்றினீர்கள் என்பதற்கு அது தான் ஆதாரம்.

* வாரம் ஒருமுறை காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், சமதரையில் நிறுத்தி டிப்-ஸ்டிக் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும்.

* வழியில் ஆயில் குறைந்து, அதே நம்பர் கிடைக்காவிட்டால் பக்கத்து நம்பர் கார் ஆயிலை கொஞ்சம் ஊற்றி ஊர் வந்து சேரலாம். ஆயில் இல்லாமல் ஓட்டுவதை விட அது மேல். வந்ததும் முழுசாக மாற்றிவிடுங்கள்.

* ஓடும்போது சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால் "வீட்டுக்கு போய் பார்த்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள். உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்க போகிறவர்கள், ஆயில் நம்பரை ஒரு பேப்பரில் பெரிதாக எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டி வைத்துவிட்டு போவது நல்லது. அதைப் பார்த்தால் மெக்கானிக் தம்பிக்கும் குழப்பம் வராது.